ஒரு கனவில் இரண்டு கோழி

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று சத்துணவில் தக்காளிச் சாதம். முட்டை வண்டி வரவில்லை. நான்தான் முட்டை போட மறந்துவிட்டேன் என்பது போலப் பிள்ளைகள் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். அமைப்பாளர் வேலையில் சம்பளத்தைவிடத் திட்டுதான் அதிகம்.

காலையில் பசுவுக்குப் புல் அறுக்க ஏரிக்கரை வளைவுக்குக் கீழே போனேன். நல்ல மழை பெய்து பல நாளாகிறது, வரப்பெல்லாம் காய்ந்து கிடக்கிறது. கன்னிமார் கல்லுக்குப் பின்னால் மட்டும் கோரை இடுப்பளவு நிற்கிறது. செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது. ஆனாலும் இரண்டு கட்டுப் புல் கிடைத்தது, லாபம்தான். சாயங்காலம் பெரிய வீட்டுக்காரியின் ஆடுகள் வந்து மிச்சத்தை மேயும். காலை எனக்கு, மாலை அவளுக்கு. பேசி முடிவு செய்தது இல்லை. பேசினால்தானே முடிவு செய்ய.

பெரிய வீட்டுக்காரி என்றால் இந்திராணி, என் வீட்டுக்காரருக்கு அண்ணி. அடுத்தடுத்த வீடு. ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. காரணத்தை எழுத உட்கார்ந்தால் பேனா மை போதாது.

நவம்பர் 2, ஞாயிறு

கெட்ட கனவு. வளைவுக்குக் கீழே நிற்கிறேன். கன்னிமார் கல்லுக்குப் பின்னால் தரையிலிருந்து தண்ணீர் பொங்கி வருகிறது, அடுப்பில் பால் பொங்குவது போல, சத்தமே இல்லாமல். அப்புறம் தெரு முழுக்க வெள்ளம். அதில் என் மாமியாரின் பித்தளை அண்டா மிதந்து வருகிறது. அண்டாவுக்குள் ஒரு கருப்புக் கோழி மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

பாகம் பிரித்தபோது அந்த அண்டா யார் வீட்டுக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. கனவில்கூட அவள் வீட்டுச் சாமான்தான் வருகிறது.

செருப்புக்கு வார் மாற்றினேன். தோசைக்கு ஊறப் போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

அதே கனவு. அதே அண்டா. அதே கோழி.

நவம்பர் 9, ஞாயிறு

அடுப்பைக்கூட மூட்டாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் கெட்ட கனவு கண்டால் மனிதர்களிடம் சொல்வதற்கு முன் தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும் என்பது கணக்கு. இன்று மூன்றாம் தடவையாக அதே கனவு வந்ததும், விடிந்தவுடன் ஏரித் துறைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருத்தி படியில் உட்கார்ந்திருந்தாள். முதுகைப் பார்த்தாலே தெரியும், இந்திராணி. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவள் குரல் கேட்டது.

"தாயே, மறுபடியும் அதே கனா. கன்னிமார் கல்லாண்ட தரையிலேர்ந்து தண்ணி பொங்குது, பால் பொங்கற மாதிரி. அத்தையோட அண்டா மெதந்துக்கினு வருது. அதுக்குள்ள கோழி குந்திக்கினு கீது. நீயே எடுத்துக்கினு போயிடு தாயே. தெருவுல எல்லாம் கொழந்த குட்டிங்க."

பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கனவை அவள் வாயிலிருந்து கேட்கிறேன். ஒரு சொல்கூட மாறவில்லை. அவள் எழுந்து, இருமிக்கொண்டே என் பக்கம் பார்க்காமல் போனாள்.

அவள் போன பிறகு நானும் படியில் இறங்கி என் பங்குக்குச் சொன்னேன். பாதியில்தான் உறைத்தது. ஏரியைப் பற்றிய புகாரை ஏரியிடமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம், இரண்டு பேரும்.

நவம்பர் 10, திங்கள்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஏகாம்பரம் என்று பெயர், எதைச் சொன்னாலும் சிரிப்புதான்.

"ஏமே, ஏரிக் கோடி ஒடைஞ்ச வருஷம் நெஜமாவே அண்டாவுல கோழி மெதந்துச்சே, மறந்துட்டியா? நீயும் அண்ணியும் வைக்கப்போர் மேல ஏறி, ஒருத்தி கைய ஒருத்தி புடிச்சிக்கினு குந்திக்கினு இருந்தீங்க. அது மனசுல கெடந்து வருது."

உண்மைதான். நான் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம். பகல் முழுக்கப் போரின் மேல் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் கட்டி வைத்திருந்த வறுத்த வேர்க்கடலையை எனக்கே கொடுத்தாள். அதெல்லாம் இப்போது எதற்கு.

ஆனால் அந்த வருஷம் கரை உடைந்தது வடக்கே, மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கத்தில். கன்னிமார் வளைவு தெற்கே இருக்கிறது. அண்டாவும் கோழியும் பழைய ஞாபகம் என்றே வைத்துக்கொள்வோம். வளைவை இரண்டு பேர் கனவிலும் கொண்டுவந்து வைத்தது யார்? இதைக் கேட்டேன். அவர் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

நவம்பர் 12, புதன்

டீக்கடைக்குப் போனவர் சும்மா வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கனவு என்று ஊருக்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறார், நல்ல வேளை கனவு என்ன என்பதைச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார் சிகாமணி இன்று சமையல்கூடத்துக்கே வந்துவிட்டார். சாமி கும்பிடாதவர், தாயத்து கட்டியவனைக் கண்டால் அவிழ்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"மரகதம், இந்தக் கனாவ நான் நம்பல. ஆனா சோதிச்சுப் பாக்காம இல்லைன்னும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கு ஒரே கனான்னா, மொத கேள்வி, பேசி வச்சிக்கினு சொல்றாங்களான்றதுதான். உங்க ரெண்டு பேருக்கும் ஆறு வருஷமா பேச்சுவார்த்த இல்லன்றதுக்கு ஊரே சாட்சி. இத்தவிட நல்ல சாட்சி எந்த ஊர்லயும் கெடைக்காது."

"அதுக்கு இன்னா பண்ணணும் சார்?"

"ஒண்ணும் பண்ணாத. இதே மாதிரி பேசாமயே இரு. ஒரு வார்த்த பேசினாலும் சாட்சி கெட்டுச்சு. நேரம் வரும்போது நான் ரெண்டு பேரையும் தனித்தனியா கேக்கறேன்."

ஆறு வருஷமாக "பேசிடுங்கடி, பேசிடுங்கடி" என்று உயிரை எடுத்த ஊர், இன்று "பேசிடாதீங்கடி" என்கிறது. நல்ல ஊர்.

நவம்பர் 15, சனி

மழை பிடித்துக்கொண்டது. ரேஷன் கடையில் நானும் அவளும் ஒரே வரிசையில் நின்றோம். நடுவில் நான்கு பெண்கள் புகுந்து சுவர் மாதிரி நின்றுகொண்டார்கள். அவள் திரும்பினால் இவர்கள் திரும்புகிறார்கள். என்னவோ நாங்கள் கட்டிப் பிடித்துக்கொள்ளப் போகிறோம் என்பது போல.

அவளுடைய இருமல் குறையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறது. இன்று ஆடாதோடை போட்டுக் கஷாயம் வைத்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மறுபடியும் கனவு. ஏரி முக்கால் நிறைந்துவிட்டது. சத்துணவில் முட்டை வந்தது.

நவம்பர் 20, வியாழன்

புயல் வருகிறதாம், சனிக்கிழமை கரை கடக்கிறதாம். பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். ஏரி தளும்புகிறது. ஊராட்சித் தலைவர் பொன்னுரங்கம், கிடைத்த மணல் மூட்டை, சவுக்குக் கழி, ஆள் எல்லாவற்றையும் கலங்கல் பக்கமே அனுப்புகிறார். போன தடவை அங்கேதான் உடைந்தது, அதனால் இந்தத் தடவையும் அங்கேதான் உடையும் என்பது அவர் கணக்கு. உடைப்பு என்ன, வருஷா வருஷம் ஒரே வீட்டுக்கு வருகிற மாமனாரா?

வளைவில் ஒரு மூட்டைகூட இல்லை. வளைவுக்கு நேர் கீழே எங்கள் தெரு. என் வீடு, அவள் வீடு, பள்ளிக்கூடம், அதற்கு அப்புறம் அறுப்புக்கு நிற்கிற நெல்.

வெட்கத்தை விட்டுச் சிகாமணி வாத்தியார் வீட்டுக்கு நடந்தேன். "சார், நேரம் வந்துடுச்சி. நாளைக்கே கேளுங்க" என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

இன்று நடந்ததை வரி விடாமல் எழுத வேண்டும்.

மத்தியானம் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஊர் கூடியது. வெளியே மழை கொட்டுகிறது. தலைவர் வந்தார், ஏரியைப் பார்க்க வந்திருந்த பொறியாளர் பர்வீனையும் அழைத்து வந்தார். சின்ன வயசுப் பெண், முட்டி வரை சேறு. சிகாமணி வாத்தியார் விஷயத்தைச் சொன்னதும் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ் வாத்தியாரே, புயல் தலைக்கு மேல வந்துக்கினு கீது. பொம்பளைங்க கனாவுக்கெல்லாம் மூட்டைய மாத்தச் சொல்றியா?"

"ஒரு அஞ்சு நிமிஷம் குடு. பொய்யின்னா நானே சொல்றேன், பொய்யின்னு."

என்னைச் சமையல்கூடத்திலும், இந்திராணியை ஒன்றாம் வகுப்பிலும் வைத்துக் கதவைச் சாத்தினார். பக்கத்தில் ஆட்களை நிறுத்தினார். ஒரே கேள்விகளை இருவரிடமும் கேட்டு வந்து கூடத்தில் உரக்கச் சொன்னார். எங்கே தண்ணீர் வந்தது? இரண்டு பேரும் கன்னிமார் கல்லுக்குப் பின்னால் என்றோம். மேலிருந்து வழிந்ததா, கீழிருந்து வந்ததா? கீழிருந்து. எப்படி? பால் பொங்குவது போல. மிதந்தது என்ன? அத்தையின் அண்டா. அதற்குள்? கோழி. ஒவ்வொரு பதிலுக்கும் கூடத்தில் "அடேயப்பா" கூடிக்கொண்டே வந்தது. எனக்குக் கதவுக்கு உள்ளிருந்தே கேட்டது.

அப்புறம் கடைசிக் கேள்வி. கோழி என்ன நிறம்?

நான் கருப்பு என்றேன். அவள் புள்ளி என்றிருக்கிறாள்.

கூடத்தில் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். "கோழி மாறிப்போச்சு, கனா பணால்!" என்று ஒருவன் கத்தினான். தலைவர் துண்டை உதறி எழுந்துவிட்டார். சிகாமணி வாத்தியார் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு அவளும் வந்தாள்.

"இன்னா புள்ளி? கருப்புக் கோழி! என் கண்ணால பாத்தேன்!"

"உன் கண்ணுல கொள்ளிய வைக்க! புள்ளிக் கோழிடி அது. எங்கம்மா ஊட்லேர்ந்து கொண்டாந்த கோழி. என் கோழி எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கி போர் மேல குந்திக்கினு நீதான் சொன்ன, கருப்புக் கோழி தப்பிச்சிடுச்சின்னு!"

"நான் சொன்னேனா? வேர்க்கடலைய தின்னுட்டு தூங்கிக்கினு இருந்தவ நீ! உனக்கு இன்னா தெரியும்!"

"தூங்கினேனா? உன் கைய புடிச்சிக்கினு அழுதுக்கினு இருந்தேன்!"

ஆறு வருஷத்தில் நாங்கள் பேசிய முதல் வார்த்தைகள் இவை. ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. அவளுக்கு இருமல் வந்துவிட்டது, நான் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன், குடித்துவிட்டு மறுபடியும் திட்டினாள்.

அப்போதுதான் பொறியாளர் பர்வீன் சிரித்தார். "தலைவரே, கூடிப் பேசிக் கட்டின கதையா இருந்தா மொதல்ல கோழிக்குத்தான் நிறம் பேசி வச்சிருப்பாங்க. இவங்க பேசி வைக்கல. கனாவ நான் ரிப்போர்ட்ல எழுத முடியாது. ஆனா அந்த எடத்தப் போய் ஒரு வாட்டி பாக்கறதுக்கு எந்த ரிப்போர்ட்டும் வேணாம்."

மழையிலேயே எல்லாரும் வளைவுக்கு நடந்தோம். கன்னிமார் கல்லுக்குப் பின்னால் கோரையை விலக்கினார்கள். தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. சின்னதாகத்தான், ஒரு செம்பு அகலம்தான். ஆனால் சத்தமில்லாமல், பால் போல.

பர்வீன் குனிந்து கையில் அள்ளிப் பார்த்தார். "தெளிவா வந்தா பயமில்ல. இது கலங்கி வருது. கரைக்குள்ள மண்ண அரிச்சுக்கினு வருது." அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார், "இதுக்கு முன்னாடி நீங்க இங்க ஈரம் எதுவும் பாத்தீங்களா?"

"இல்லவே இல்ல" என்றோம் இருவரும், ஒரே குரலில்.

திரும்பும்போது என் செருப்பு சேற்றில் மாட்டி மறுபடி வார் அறுந்தது. மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

தலைவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்த மாத்திரத்தில் வேட்டியை மடித்துக் கட்டினார். "கலங்கல்ல கீற மூட்டையில பாதிய இங்க கொண்டாங்கடா!" என்று அவர் போட்ட சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். டிராக்டர் கரையில் ஏறாது. ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தோம். பொங்கும் இடத்தைச் சுற்றிக் கிணற்று உறை போல மூட்டையை வட்டமாக அடுக்கினார்கள். நடுவில் மணலும் ஜல்லியும் கொட்டினார்கள், தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது என்று பர்வீன் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏரிப் பக்கம் சவுக்குக் கழி அடித்து வைக்கோலும் களிமண்ணும் மூட்டையுமாக இறக்கினார்கள். வரிசையில் எனக்கு அடுத்து யார் என்று பார்க்கவில்லை. மூட்டையை வாங்கிய கையில் பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. அது யார் கை என்று எனக்குத் தெரியும்.

வெளிச்சம் போவதற்குள் வட்டத்துக்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. அவள் குனிந்து அள்ளிப் பார்த்து என்னிடம் காட்டினாள். உள்ளங்கை ரேகை தெரிந்தது.

நவம்பர் 22, சனி

பள்ளிக்கூட மாடியில் எல்லாருக்கும் உப்புமா கிளறினேன். அவள் வெங்காயம் அரிந்தாள். காற்று பேயாக அடிக்கிறது. கரை நிற்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

நின்றது! நின்றது! நின்றது!

புயல் போய்விட்டது. காலையில் வெயில். ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்து கோடி போகிறது, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வெள்ளை வேட்டி உலர்த்தியது போல. வளைவில் ஒரு கை மண்கூடச் சரியவில்லை. வட்டத்துக்குள் தண்ணீர் ஊறுகிறது, ஊறட்டும், கண்ணாடி மாதிரி. ஊரே கரை மேல் நிற்கிறது. பறை அடிக்கிறார்கள், பிள்ளைகள் குதிக்கிறார்கள், தலைவர் யாரைப் பார்த்தாலும் கட்டிப் பிடிக்கிறார். நான் அழுதேன், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

கோடி போகும் தண்ணீருக்கு ஆரத்தி எடுப்பது வழக்கம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள், "மரகதம், நீதான் மொதல்ல எடுக்கணும்" என்று. என் பெண் கல்யாணத்தில் முதல் தட்டு என் கூடப்பிறந்தவள் கைக்குப் போனது, இந்திராணிக்கு இரண்டாவதுதான் கிடைத்தது. ஆறு வருஷத்துக்கு அதுதான் ஆரம்பம்.

தட்டைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தேன்.

"மொதல்ல நீ எடு" என்றேன்.

"நீ ஒரு பக்கம் புடி, கனமா கீது" என்றாள்.

ஆரத்தித் தட்டு என்ன கனம் இருக்கும்? பிடித்தேன்.

நவம்பர் 26, புதன்

பள்ளி திறந்தது. சிகாமணி வாத்தியார் வந்தார், முகத்தில் நிம்மதி இல்லை.

"யோசிச்சுப் பாத்தேன் மரகதம். கனாவுல கரை ஒடைஞ்சுது, தெருவுல வெள்ளம் வந்துச்சு. நெஜத்துல ஒடையல, வெள்ளமும் வரல. அப்போ கணக்குப்படி கனா பலிக்கல."

"ஒடைஞ்சிருந்தா?"

"பலிச்சுதுன்னு எழுதியிருப்பேன்."

"அப்போ உங்களுக்கு நிரூபணம் வேணும்னா நாங்க எல்லாரும் அண்டாவுல மெதந்திருக்கணும்."

கொதிக்கிற சாம்பாரைக் கரண்டியால் ஒரு கிளறு கிளறினார். "அதாம்மா சிக்கல். காப்பாத்த வர்ற கனாவ நிரூபிக்கவே முடியாது. கேட்டு நடந்தா பொய்யாயிடுது. கேக்காம இருந்தாத்தான் நெஜமாவுது. சரி, ரெண்டு பேருக்கும் ஒரே கனா வந்ததையாவது எழுதலாம்னா, கோழி ஒத்துவரல."

"தோத்துட்டீங்களா சார்?"

"தோத்துட்டேன்" என்றார் சிரித்துக்கொண்டே. "இவ்வளோ சந்தோஷமா நான் எதுலயும் தோத்ததில்ல."

அவருக்கு இரண்டு முட்டை வைத்தேன்.

இந்த நோட்டைக் காட்டினால் கனவு வந்த தேதியாவது அவருக்கு உதவும். ஆனால் முதல் பக்கத்தில் நான் இந்திராணியைப் பற்றி எழுதியிருப்பதை அவள் படித்தால் அடுத்த ஆறு வருஷம் தொடங்கிவிடும். அறிவியல் பொறுத்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

பெரிய வீட்டில் விருந்து. அந்த அண்டாவை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, அதில்தான் சோறு. கஷாயம் கொண்டுபோனேன், இருமல் பாதி குறைந்திருக்கிறது. பாயில் உட்கார்ந்து மறுபடி கோழிப் பேச்சு வந்தது. நான் கருப்பு என்றேன், அவள் புள்ளி என்றாள், கரண்டி ஓங்கும் வரைக்கும் போய்விட்டது. என் வீட்டுக்காரர் நியாயம் சொல்ல வந்தார்.

"ரெண்டும் இல்லமே. எனக்கு நல்லா ஞாபகம் கீது. அது கோழியே இல்ல, வாத்து."

இரண்டு பேரும் ஒன்றாக அவர் மேல் பாய்ந்தோம். அவருடைய அண்ணன் இலையோடு எழுந்து ஓடிவிட்டார்.

டிசம்பர் 1, திங்கள்

நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். கனவே இல்லை. காலையில் வளைவுக்குப் புல் அறுக்கப் போனபோது இந்திராணியும் அவள் ஆடுகளும் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார்கள்.

"அக்கா, ராத்திரி கனா எதுனா வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரலடி. உனக்கு?"

எனக்கும் வரவில்லை என்றேன். சாயங்காலம் வாத்தியாரிடம் சொல்ல வேண்டும், இந்தத் தடவை எல்லாமே ஒத்துப்போகிறது, கோழி உட்பட.